துவக்கைக் கடலில் எறிந்த மன்றாட்டு

இப்போது மன்னாரில் யாரைக் கேட்டாலும் யுத்தத்தை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர்கள்தான். வங்கி வரிசையில் நிற்பவர், மீன் வாடி வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அவருடைய மனைவி, எல்லோருமே அப்போதே சொன்னவர்கள். "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள், இது சரிவராது எண்டு" என்கிறார்கள், வாய் கூசாமல். இத்தனை பேர் எதிர்த்தும் அது எப்படி அவ்வளவு காலம் நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒருவேளை தானாக நடந்திருக்கும். கச்சான் காற்று வீசுவதுபோல, யாருடைய சம்மதமும் கேட்காமல்.

இந்தப் பெரிய கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டு சென்ற வருடம் ஒரு கடிதம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் எழுதியிருந்தது. 'போருக்கு எதிரான ஆரம்பக் குரல்கள்' என்று மன்னார் நகரில் ஒரு நாள் செயலமர்வு நடத்துகிறார்களாம். நான் பிறந்த ஊரின் கத்தோலிக்கக் கோயிலில், நாற்பது வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் துணிச்சலாகச் சமாதானத்துக்காகக் குரல் கொடுத்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பொன்னாடையும் சான்றிதழும் உண்டு. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தபோது ஒரு பூமாலைகூட வாங்காத எனக்கு, கீரி என்ற ஊரில் மூட்டுவலியோடு முடங்கிக் கிடக்கும் கிழவி வயதில் பொன்னாடை வருகிறது. சந்தோசப்பட்டிருக்கவேண்டும். நானோ கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் ஒளித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையில் நடந்தது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பேசாலைக்கு அங்காலே, வடக்குக் கரையில் இருக்கும் ஒரு மீன்பிடிக் கிராமம். அந்த நாட்களில் ஊரில் யுத்தத்தை எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்று நான் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். ஒரு விரல் போதுமாக இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஏதோ பெருநாள் வரப்போவதுபோல இருந்தார்கள். இயக்கத்தில் சேர்ந்த பெடியளை ஆயுதப் பயிற்சிக்கு அக்கரைக்கு, இந்தியாவுக்கு, ஏற்றிப்போக வள்ளம் கொடுத்தவர்கள் ஊரில் பெரிய மனிதர் ஆனார்கள். மகனை அனுப்பிய தாய்மார் கோயிலில் முன்வரிசை வாங்குக்கு வந்தார்கள். மகன் போகாத தாய்மார், என் அண்ணனை வீட்டில் வைத்திருந்த அம்மா உட்பட, "எங்கட பெடியனுக்கு இளைப்பு வருத்தம்" என்று கேட்காமலே காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் கணித ஆசிரியர்.

அந்த ஒற்றை விரல், ஊரில் எஞ்சின் திருத்துகிறவர். படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் அவருடைய தொழில். கடற்கரையோரம் ஓலைக் கொட்டிலில், இடுப்பில் ஒரு சாரமும் கையில் எப்போதும் கறுப்புக் கிறீசுமாக இருப்பார். அவருக்குக் கொள்கை, கோட்பாடு எதுவும் கிடையாது. அக்கரைக்கு ஓடும் இயக்கப் படகின் எஞ்சினைத் திருத்தித் தரச் சொல்லி இயக்கக்காரர் வந்தபோது, "ஏத்திக்கொண்டு போற பெடியள திருப்பிக் கொண்டாந்து இறக்கிற எஞ்சின் எண்டால் திருத்தித் தாறன். ஒரு பக்கம் மட்டும் ஓடுற எஞ்சினை நான் தொட மாட்டன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு அவருடைய கொட்டிலில் குந்தியிருந்து வெற்றிலை போடவில்லை.

இனி மன்றாட்டுக் கதை. எங்கள் கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் முன்னுக்கு வந்து நாலைந்து மன்றாட்டுகளை வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் சனம் முழுக்க ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். மன்றாட்டை எழுதுவது வட்டார முறை. இந்தக் கிழமை இந்த வட்டாரம், அடுத்த கிழமை அடுத்த வட்டாரம். பாப்பரசருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, சோதனை எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. இருபது வருடமாக அதே மழையும் அதே பாப்பரசரும்தான். சனம் அதைக் கேட்பதில்லை. வாசிப்பவரின் குரல் கீழே இறங்கினால் பதில் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பாதியுறக்கத்தில் இருப்பவரும் சரியாகச் சொல்லுவார்.

வாசிப்பது பெரும்பாலும் நான்தான். எனக்கு இருபத்தொரு வயது, நல்ல குரல், அதைவிடப் பெரிதாக என் குரலைப்பற்றிய எண்ணம். அந்தக் கிழமை எழுதுகிற முறை எஞ்சின்காரரின் வட்டாரத்துக்கு வந்தது. அவருடைய மனைவிதான் எழுதவேண்டும். அந்த அக்காவுக்கு எழுத்து ஓடாது. அதனால் எஞ்சின்காரரே எழுதி, கொப்பித் தாளில் மடித்து, பூசைக்குச் சற்று முன்பு அக்காவிடம் கொடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பாப்பரசரும் மழையும் வழக்கம்போல இருந்தன. நாலாவது புதியது. 'அக்கரைக்குப் போன எங்கள் பிள்ளைகள் சுகமாகத் திரும்பி வந்து, தாய் தகப்பனோடு சேர்ந்து வாழவேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.' இவ்வளவுதான் அவர் எழுதியது. இதற்கு யாரும் கோபிக்க முடியாது. எந்தத் தாயும் எழுதக்கூடியது.

நான் அதைப் பாடற்குழு வாங்கில் இருந்தபடி வாசித்தேன். எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு என் உலக சமாதானச் சிந்தனைபற்றி யாராவது ஆராய்ச்சி செய்யாமலிருக்க. நான் விரும்பியிருந்த ஒருவன் ஒன்றரை மாதத்துக்கு முன்பு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அக்கரைக்கு வள்ளம் ஏறிப் போயிருந்தான். கலியாணம் பேசவருவதாகச் சொன்னவன். என்னைவிட ஒரு துவக்கு அவனுக்குப் பெரிதாகப் போய்விட்டது என்ற ஆத்திரம்தான் என்னுடைய போர் எதிர்ப்பின் ஆதியும் அந்தமும். அவன் பிறகு திரும்பி வரவேயில்லை. அது வேறு விசயம். அன்றைக்கு எனக்கு அவன்மேல் இருந்தது கோபம் மட்டும்தான்.

ஆகவே வாசிக்கும்போது ஐந்து சொற்களை நானாகச் சேர்த்தேன். 'அக்கரைக்குப் போன எங்கள் பிள்ளைகள், தங்கள் கையிலிருக்கிற துவக்கைக் கடலில் எறிந்துவிட்டு, சுகமாகத் திரும்பி வந்து...' கடைசியில் குரலைக் கீழே இறக்கினேன். சனம் முழுக்க, வழக்கத்தைவிடச் சத்தமாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. முன்வாங்குத் தாய்மார் சொன்னார்கள். வள்ளம் கொடுத்த பெரிய மனிதர்கள் சொன்னார்கள். கணித ஆசிரியர் சொன்னார். பின்னால் தூணோடு சாய்ந்து கைகட்டி நின்ற எங்கள் பகுதி இயக்கப் பொறுப்பாளரும், சின்ன வயதில் முதல் நன்மை எடுத்த நாளிலிருந்து வந்த பழக்கம் விடுமா, வாயசைத்துச் சொன்னார். ஆக மொத்தம், எங்கள் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், இயக்கத்தின் முன்னிலையில் ஆயுதத்தைக் கடலில் போடச் சொல்லிவிட்டது. அப்படி ஒரு எதிர்ப்பு அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. சனம் தான் என்ன கேட்டது என்பதை உணர்ந்தபோது நான் சோதனை எழுதும் பிள்ளைகளுக்குப் போய்விட்டேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று பின்நேரம் பொறுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் என் அண்ணனோடு படித்தவர். எங்கள் வீட்டில் பழஞ்சோறு தின்றிருக்கிறார். கதிரையில் இருந்து, அம்மா கொடுத்த பிளேன்ரீயை மரியாதையாகக் குடித்து, சீனி காணும், இனிப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, துவக்கைக் கடலில எறியச் சொல்லி எழுதினது ஆர்?"

"எழுதித் தந்ததை வாசிச்சனான் அண்ணா" என்றேன்.

"அது தெரியும். ஆர் எழுதினது?"

அம்மா என் பின்னால் நின்று, "அவளுக்கு ஒண்டும் தெரியாது தம்பி. குடுக்கிறதை வாசிக்கிறவள்" என்றார். அம்மா சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. நான் எஞ்சின்காரரைச் சொன்னேன். பெயரோடு நிறுத்தவில்லை. எந்த வட்டாரம், யார் கொண்டுவந்து தந்தது, எல்லாவற்றையும் ஒழுங்காக, மன்றாட்டு வாசிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னேன். அவருக்கு வியப்பில்லை. எஞ்சின் விசயத்தில் ஏற்கெனவே கடுப்பில் இருந்தவர். "அந்தக் கடதாசி எங்க?" என்று கேட்டார். "கோயிலிலயே விட்டிட்டன்" என்றேன். அது என் சட்டைப்பைக்குள் இருந்தது. அவர் படலையைத் தாண்டியதும் அதை அடுப்புக்குள் போட்டேன். பார்த்தால் தெரிந்துவிடும், எஞ்சின்காரரின் கையெழுத்தில் துவக்கும் இல்லை, கடலும் இல்லை.

எஞ்சின்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்து வந்தார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. "எஞ்சின் சில்லுக்குள்ள கையைக் குடுத்திட்டன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ஊருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அவர் போயிருந்த நாட்களில் எஞ்சின் எதுவும் கொட்டிலில் இருக்கவில்லை என்பதை ஞாபகப்படுத்துவது நாகரிகமாக இருந்திருக்காது. துரோகி என்ற சொல் அவருடைய வீட்டு வேலியில் கரியால் எழுதப்பட்டது. பிறகு எவரும் எஞ்சின் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தாலும் இடது கையால் எத்தனை சுரையாணியைக் கழற்றுவது? ஒரு வருடத்துக்குள் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவரும் அக்கரைக்குத்தான் போனார், அகதியாக. அங்கே முகாமில் பல வருடம் இருந்து அங்கேயே இறந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் எழுதிய மன்றாட்டை முதல்நாளே பங்குச் சுவாமியிடம் காட்டவேண்டும் என்ற சட்டம் வந்தது. தேவையில்லாத சட்டம். யாரும் மழையைத் தாண்டி எழுதவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு, அப்போது கையோங்கியிருந்த இயக்கம் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் கையில் அகப்பட்டதோடு வெளியேறச் சொல்ல, எங்களிடம் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தபோதும் அந்த ஞாயிறு பாப்பரசருக்காகத்தான் மன்றாடினோம். வாசித்தது நான். எனக்கு அதில் எந்தத் திருத்தமும் செய்யத் தோன்றவில்லை. என் துணிச்சல் அந்த ஒரு பூசையோடு சரி.

செயலமர்வுக்கு வருவோம். மண்டபத்தில் முதலில் எங்களை வட்டமாக நிற்கவைத்து, கையைக் காலை ஆட்டவைத்து, ஒரு பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார்கள். நம்பிக்கையைக் கட்டியெழுப்புவதாம். மூட்டுவலிக்காரி நான் கதிரையில் இருந்தபடி நம்பிக்கையைக் கட்டியெழுப்பினேன். பிறகு செயலமர்வை நடத்திய வளவாளர், என் மகள் வயது இருக்கும், நல்ல பிள்ளை, கலர் கலராக அட்டைகள் தந்து சுவரில் ஒட்டச் சொன்னார். ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். வள்ளம் கொடுத்த பெரிய மனிதரின் மகன், தகப்பன் மனதுக்குள் எதிர்த்துக்கொண்டேதான் வள்ளம் கொடுத்தார் என்றார். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை ஒட்டினார்கள்.

பொறுப்பாளரும் வந்திருந்தார். போட்டி இயக்கம் அவருடைய இயக்கத்தை அடித்துக் கலைத்த நாளில் அகிம்சையின் அருமையை உணர்ந்து வெளிநாட்டுக்கு ஓடியவர், இப்போது திரும்பி வந்து கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறார், தேர்தலிலும் நிற்கிறார். ஒலிவாங்கியைப் பிடித்து, கண் கலங்கி, "அண்டைக்கு எங்கட கோயிலில துவக்கைக் கடலில எறியவேணும் எண்டு மன்றாடினபோது, ஆண்டவரே கேட்டருளும் எண்டு சொன்னவர்களில நானும் ஒருவன்" என்றார். பொய்யில்லை. நான் கண்ணால் கண்டது. அவருக்குப் பச்சை அட்டை கிடைத்தது.

அப்போதுதான் கடைசி வரிசையில் அந்த அக்காவைக் கண்டேன். எஞ்சின்காரரின் மனைவி. யுத்தம் முடிந்து சில வருடங்களில் திரும்பி வந்து, உயிலங்குளத்தில் வயல்காரருக்கு வாழ்க்கைப்பட்ட மகளோடு இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். ஒருமுறை மடுமாதா கோயில் திருவிழாவில் வரிசையில் அவரைக் கண்டு குடையைத் தாழ்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன், வெயில் இல்லாத நேரத்தில். சந்தனக் கலர்ச் சேலை, தலைமுடி முழுக்க வெள்ளை. மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார்.

என் முறை வந்தது. வீட்டிலிருந்து வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன். அந்தச் சொற்கள் என்னுடையவை, அவரைக் காட்டிக்கொடுத்தது நான், கடதாசியை எரித்ததும் நான். ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் எனக்கு அதைவிட அழகான ஒரு யோசனை வந்தது. என் மூளை இப்படியான நேரங்களில் நன்றாக வேலை செய்யும். அந்த மரியாதையை அவருக்கே கொடுத்துவிட்டால் என்ன? "வாசிச்சது மட்டும்தான் நான். துவக்கைக் கடலில எறியச் சொல்லி எழுதினவர் இண்டைக்கு எங்களோட இல்லை. அந்தப் பொன்னாடை அவருக்குரியது. அவற்ற மனிசி இஞ்ச இருக்கிறா" என்றேன். என் குரல் தழுதழுத்தது. குரல் விசயத்தில் நான் எப்போதும் கெட்டிக்காரி. மண்டபம் எழுந்து நின்றது. பொறுப்பாளர்தான் முதலில் எழுந்தார். அக்காவை முன்னால் கூட்டிவந்து பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழில் என் பெயரை வெட்டி எஞ்சின்காரரின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பொய்யை இரண்டாவது தரம் சொல்லியே கடனைத் தீர்த்துவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு லேசானது. அந்த நினைப்பு சிற்றுண்டி கொடுக்கும்வரை இருந்தது.

பஸ் நிலையத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்திருந்தார்.

"சுகமா இருக்கிறீரா பிள்ளை?" என்று கேட்டார்.

"இருக்கிறன் அக்கா."

"அவர் எழுதேக்க நான் பக்கத்தில இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தனான். எழுதி முடிச்சிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டினவர். அதில துவக்கு எண்ட சொல்லே இல்லை. கோயிலுக்குள்ள நீர் வாசிக்கேக்க எனக்குத் திக்கெண்டது."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருடம். அந்த வரிசை, அந்தக் குடை எல்லாம் எனக்குள் ஓடின. வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

"அப்ப ஏன் அக்கா அவர் அவங்களிட்டச் சொல்லேல்லை?"

"'நான் எழுதேல்லை எண்டு சொன்னா அடுத்ததா அந்தப் பெட்டையத்தான் இழுப்பாங்கள், அதுக்கு இன்னும் கலியாணமும் ஆகேல்லை' எண்டு சொன்னவர். பிறகு அதைப்பற்றிக் கதைக்கவே விடமாட்டார்."

அவர் பையைத் திறந்து அந்தச் சட்டம் போட்ட சான்றிதழை வெளியே எடுத்தார்.

"ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையும். நீர்தான் சேர்த்து வாசிச்சது எண்டு அண்டைக்கு நீர் சொல்லியிருந்தா, உம்மை என்ன செய்திருப்பாங்கள்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தக் காலம் அப்படி, பொம்பிளைப் பிள்ளை, என்ன நடந்திருக்குமோ என்று நாற்பது வருடம் எனக்கே சொல்லி மெருகேற்றிய பதில். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து சீனி காணும் என்று சொன்ன பொறுப்பாளரை நினைத்தேன். அன்று என் பின்னால் அம்மா நின்றார். உள்ளே அண்ணன் இருந்தார்.

"ஏசிப்போட்டுப் போயிருப்பாங்கள் அக்கா" என்றேன்.

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். "அவருக்கு மட்டும் நான் அதைச் சொல்லேல்லை. தன்ர விரலைக் குடுத்து ஒரு பிள்ளையைக் காப்பாத்தினன் எண்டு நம்பிக்கொண்டிருந்தவர். சாகும்வரைக்கும் அது ஒண்டுதான் அவரிட்ட இருந்தது."

உயிலங்குளம் பஸ் வந்து நின்றது. சான்றிதழை என் மடியில் வைத்துவிட்டு அவர் ஏறிப் போனார்.